பையருக்கு ‘டிஃபிகல்ட்’ என்று எழுதும் முன்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ளும் ஆங்கிலச் சொற்களில் ‘டிஃபிகல்ட்’ ஒன்று. ‘டெலிவரி டிஃபிகல்ட்’, ‘ஷேடு டிஃபிகல்ட்’, ‘பிரைஸ் வெரி டிஃபிகல்ட்’ என்று நாள் முழுக்க மெயில்கள் போகின்றன. எழுதியவருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்ட நிம்மதி. படிக்கிற பையருக்கோ அதன் பிறகுதான் கேள்விகள் தொடங்குகின்றன. சரக்கு வருமா, வராதா? வரும் என்றால் என்றைக்கு? இதில் நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

இந்த அத்தியாயம் அந்த ஒரு சொல்லைப் பற்றியது. அதன் பொருள், இலக்கணம், அதன் இடத்தில் தவறாக வந்து உட்காரும் பிற சொற்கள், பையருக்கு எழுதும் மெயிலில் அதை வைக்கும் முறை ஆகியவற்றை வரிசையாகப் பார்ப்போம். நினைவில் நிற்க வேண்டியது ஒன்றுதான்: ‘டிஃபிகல்ட்’ என்று எழுதினால் காரணம், அளவு, மாற்று வழி, தேதி ஆகிய நான்கும் அதே மெயிலில் இருக்க வேண்டும்.

1. சொல்லின் பொருள்

செய்து முடிக்கவோ புரிந்துகொள்ளவோ கூடுதல் உழைப்பு, திறமை, நேரம் தேவைப்படும் ஒன்றை ‘டிஃபிகல்ட்’ என்பார்கள். கடினமான, சிரமமான என்று பொருள். ‘முடியாது’ என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையான ‘டிஃ’ மீது விழ வேண்டும். ‘கல்ட்’ மீது விழக் கூடாது. ஒப்பிட்டுச் சொல்ல ‘மோர் டிஃபிகல்ட்’, ‘மோஸ்ட் டிஃபிகல்ட்’. பெயர்ச்சொல் ‘டிஃபிகல்டி’.

தமிழில் ‘கஷ்டம்’ என்ற ஒரே சொல் வேலையின் சிரமத்துக்கும் வரும், பண நெருக்கடிக்கும் வரும், மனத் துயரத்துக்கும் வரும். ஆங்கிலச் சொல் அப்படி எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. ‘எங்க சப்ளையர் ரொம்பக் கஷ்டத்துல இருக்கார்’ என்பதை ‘அவர் சப்ளையர் இஸ் வெரி டிஃபிகல்ட்’ என்று எழுதினால், அந்த சப்ளையர் எதற்கும் ஒத்துப்போகாத பிடிவாதக்காரர் என்று அர்த்தமாகிவிடும். ஆளைப் பற்றி ‘டிஃபிகல்ட்’ என்று எழுதுவது குணத்தைப் பற்றிய புகார். பையிங் ஹவுஸுக்குப் போகும் மெயிலில் இதைக் கவனமாகத் தவிர்க்க வேண்டும்.

2. ‘சிரமமுங்க’ என்றால் என்ன?

மெர்ச்சண்டைசர் தானாக ‘டிஃபிகல்ட்’ என்று எழுதுவதில்லை. டையிங்கிலோ, நிட்டிங்கிலோ, பிரின்டிங்கிலோ யாரோ ஒருவர் சொன்னதைத்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறார்.

‘ஏனுங்க மாஸ்டர், வெள்ளிக்கிழமை நேவி லாட் இறங்கிருமுங்களா?’

‘சிரமமுங்க தம்பி.’

கொங்கு நாட்டுப் பேச்சில் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு பதில்கள் இருக்கலாம். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல மனமில்லாமல் மரியாதையாக மறுப்பது ஒன்று. ‘கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் செய்துவிடலாம்’ என்பது இன்னொன்று. நேரில் நிற்கிறவருக்குக் குரலைக் கேட்டதுமே எது என்று தெரியும். அந்தக் குரல் மெயிலில் போகாது. ஹாம்பர்க்கிலோ கோபன்ஹேகனிலோ இருப்பவர் ‘டிஃபிகல்ட்’ என்பதை அகராதிப் பொருளில் எடுத்துக்கொண்டு, ‘கடினம்தான், ஆனால் செய்கிறார்கள்’ என்று நினைத்து, பழைய தேதிக்கே கடைகளில் இடம் ஒதுக்கிவைப்பார்.

அதனால் மாஸ்டரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் மெயில் எழுதாதீர்கள். ‘முடியாதுங்களா, இல்ல லேட் ஆகுமுங்களா? எத்தனை நாளுங்க? என்ன காரணமுங்க?’ அவருக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். கேட்காமல் விட்டால் அந்த லாட்டின் உண்மை நிலை உங்கள் அலுவலகத்துக்கே தெரியாது, பையருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 1978-இல் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற வணிகரால்தான் ஊரின் ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கியது என்று திருப்பூரில் சொல்வார்கள். அன்று முதல் நம்மிடம் சரக்கு வாங்குகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி கிடையாது. இத்தாலியரும் ஜெர்மானியரும் ஸ்பானியரும் நம்மைப் போலவே பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள். இரு பக்கமும் கற்றுக்கொண்ட மொழியில் எழுதும்போது குறிப்பால் உணர்த்துவது பயன் தராது. எளிய சொல்லும் எண்ணும் தேதியும்தான் பயன் தரும்.

3. நாம் அடிக்கடி செய்யும் ஐந்து பிழைகள்

ஒன்று, ‘எங்களுக்குச் சிரமம்’ என்ற தமிழ் அமைப்பை அப்படியே மாற்றுவது. ‘வி ஆர் டிஃபிகல்ட் டு ஷிப் ஆன் ஃப்ரைடே’ தவறு. நாங்கள் ஒத்துப்போகாதவர்கள் என்ற தொனி வந்துவிடும். ‘இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் அஸ் டு ஷிப் ஆன் ஃப்ரைடே’ சரி.

இரண்டு, ‘டு’வுக்குப் பின் ‘இங்’ சேர்ப்பது. ‘டிஃபிகல்ட் டு மேட்சிங்’ தவறு. ‘டிஃபிகல்ட் டு மேட்ச்’ சரி.

மூன்று, பெயர்ச்சொல்லில் இதற்கு நேர்மாறான பிழை. ‘வி ஹேவ் டிஃபிகல்டி டு மேட்ச்’ தவறு. ‘வி ஹேவ் டிஃபிகல்டி மேட்சிங் த ஷேடு’ சரி. ‘டிஃபிகல்ட்’டுக்குப் பின் ‘டு’, ‘டிஃபிகல்டி’க்குப் பின் ‘இங்’ என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

நான்கு, தேவையில்லாத ‘இட்’. ‘திஸ் ஷேடு இஸ் டிஃபிகல்ட் டு மேட்ச் இட்’ தவறு. கடைசி ‘இட்’டை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும்.

ஐந்து, ‘மச் டிஃபிகல்ட்’. ‘வெரி டிஃபிகல்ட்’ என்பதே சரி. ‘மச்’ வர வேண்டுமானால் ஒப்பிடும்போது ‘மச் மோர் டிஃபிகல்ட்’ என்று வரும்.

4. பக்கத்துச் சொற்கள்

பனியன் தொழிலில் சிரமத்தைக் குறிக்கும் சில ஆங்கிலச் சொற்களுக்குத் துணியோடும் தையலோடும் தொடர்புடைய வேறு பொருளும் உண்டு. அதனால் மற்ற தொழில்களைவிட இங்கே குழப்பம் அதிகம்.

ஹார்டு: கடினம் என்பது ஒரு பொருள். துணியைப் பற்றி எழுதும்போது ‘த ஃபேப்ரிக் இஸ் ஹார்டு’ என்றால் தொட்டால் முரடாக இருக்கிறது, சாஃப்ட்னர் போதவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஓட்டக் கடினமான துணி என்பதைச் சொல்ல ‘த ஃபேப்ரிக் இஸ் டிஃபிகல்ட் டு நிட்’ என்று எழுதுங்கள். ‘ஹார்ட்லி’ இன்னும் ஆபத்தானது. ‘வி ஹார்ட்லி வொர்க்டு’ என்றால் ‘நாங்கள் வேலையே செய்யவில்லை’ என்று பொருள். கடுமையாக உழைத்தோம் என்பதற்கு ‘வி வொர்க்டு ஹார்டு’.

டஃப்: பேச்சு வழக்குச் சொல். துணியோடு சேர்ந்தால் ‘உறுதியான, எளிதில் கிழியாத’ என்ற பாராட்டாகிவிடும். ‘டஃப் ஃபேப்ரிக்’ என்று குறை சொல்ல நினைத்து எழுதினால், பையர் அதைத் துணியின் சிறப்பாக எடுத்துக்கொள்வார்.

டைட்: கால அளவுக்கும் வரும், உடையின் அளவுக்கும் வரும். ‘செட்யூல் இஸ் டைட்’ என்று முழுதாக எழுதுங்கள். சாம்பிளைப் பற்றிய மெயிலில் வெறுமனே ‘இட் இஸ் டைட்’ என்று எழுதினால், கழுத்துப் பகுதி தலையில் நுழையவில்லை என்று நினைத்து ஃபிட் கமென்ட் கேட்டு பதில் வரும்.

கிரிட்டிகல்: நம் ஊரில் ‘ரொம்பச் சிக்கலான ஸ்டைல்’ என்பதை ‘கிரிட்டிகல் ஸ்டைல்’ என்கிறோம். தர ஆய்வில் இந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் இருக்கிறது. ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) முறையில் குறைகளை கிரிட்டிகல், மேஜர், மைனர் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மேஜருக்கு 2.5, மைனருக்கு 4.0 என்று பல பையர்கள் வைத்திருக்கிறார்கள். கிரிட்டிகல் குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடைந்த ஊசித் துண்டு, குழந்தை உடையில் கழன்று வரும் பட்டன் போன்ற பாதுகாப்பு ஆபத்துகளைத்தான் அந்தச் சொல் குறிக்கும். ‘திஸ் ஆர்டர் ஹேஸ் கிரிட்டிகல் ப்ராப்ளம்’ என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சேலஞ்சிங்: ‘கடினம், ஆனால் முயல்கிறோம்’ என்ற நம்பிக்கையான தொனி உள்ளது. முயலப் போவதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

காம்ப்ளிகேட்டட்: பல உறுப்புகள், பல வேலைகள் சேர்ந்தது. ஒரே டி-ஷர்ட்டில் பிரின்ட், எம்பிராய்டரி, வாஷ் மூன்றும் இருந்தால் அந்த ஸ்டைல் காம்ப்ளிகேட்டட். அதைச் செய்வது டிஃபிகல்ட்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

நாட் பாசிபிள், நாட் வொர்க்கபிள்: முடியாது என்றால் இவற்றையே எழுதுங்கள். விலைக்கு ‘நாட் வொர்க்கபிள்’ பொருத்தம். காரணத்தோடு எழுதினால் இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

5. டிஃபிகல்ட்டா, முடியாததா?

மெயில் எழுதும் முன் இந்த இரண்டையும் நீங்கள் பிரித்துப் பார்த்தாக வேண்டும். நம் தொழிலிலிருந்து நான்கு உதாரணங்கள்.

30-ஆம் கவுன்ட் நூலில் சிங்கிள் ஜெர்சி ஓட்டினால் 140 முதல் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வாக்கில் வரும். பையர் அதே நூலில் 180 ஜிஎஸ்எம் கேட்டால் அதை ‘டிஃபிகல்ட்’ என்று எழுதக் கூடாது. அந்த எடைக்கு 24-ஆம் கவுன்ட் வேண்டும். ‘30-இல் முடியாது, 24-இல் முடியும், அதற்கான விலை இது’ என்பதே பதில்.

பாலியஸ்டரில் பளிச்சிடும் நியான் நிறத்தின் ஸ்வாட்சை அனுப்பி, அதே நிறத்தைக் காட்டனில் கேட்பார்கள். காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் அந்தப் பளிச்சு வராது. எத்தனை லேப் டிப் (சாய மாதிரி) போட்டாலும் இதே நிலைதான். முதல் லேப் டிப்பை அனுப்பும்போதே இதைச் சொல்லி, காட்டனில் கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய ஷேடைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

கிரே மெலாஞ்சில் நிறம் நூலிலேயே இருக்கிறது. டையிங்கில் அதைத் திருத்த வழியில்லை. நூல் லாட் மாறினால் ஷேடும் லேசாக மாறும். ஆர்டர் முழுவதுக்கும் ஒரே லாட் நூல் வாங்க முடிந்தால் இது சமாளிக்கக்கூடிய சிரமம். ரிபீட் ஆர்டரில் பழைய ஷேடே வேண்டும் என்றால் உண்மையிலேயே ‘டிஃபிகல்ட்’.

அடர் சிவப்பு, கறுப்பு போன்ற நிறங்களில் ஈரத்தில் தேய்த்தால் சாயம் ஒட்டாமல் இருப்பதற்கு உயர்ந்த கிரேடு கேட்பார்கள். சோப்பிங்கைக் கூட்டி, ஃபிக்ஸர் போட்டு ஓரளவு உயர்த்தலாம். அதற்கு நேரமும் செலவும் ஆகும். இதுதான் ‘டிஃபிகல்ட்’ என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும் இடம்.

6. நான்கு பகுதி மெயில்

நம் ஊரில் வழக்கமாகப் போகும் மெயில் இது:

‘டியர் சார், நேவி ஷேடு வெரி டிஃபிகல்ட். வி ஆர் ட்ரையிங் அவர் லெவல் பெஸ்ட். கைண்ட்லி கோஆப்பரேட்.’

இதில் தகவல் ஒன்றுகூட இல்லை. ‘எதற்கு கோஆப்பரேட் செய்ய வேண்டும்?’ என்று பையர் திருப்பிக் கேட்க ஒரு நாள், நாம் பதில் சொல்ல ஒரு நாள் என்று இரண்டு நாள் வீணாகும். இதையே இப்படி எழுதலாம்:

‘டியர் சார், த செகண்ட் நேவி லாட் ஃபெயில்டு இன் த ரப்பிங் டெஸ்ட். வி ஆர் சோப்பிங் இட் அகெய்ன். திஸ் நீட்ஸ் ஃபோர் டேஸ். ஸோ இட் இஸ் டிஃபிகல்ட் டு ஷிப் ஆல் 6,000 பீசஸ் ஆன் 14 மார்ச். வி கேன் ஷிப் 4,000 பீசஸ் ஆன் 14 மார்ச் அண்ட் 2,000 பீசஸ் ஆன் 18 மார்ச். ப்ளீஸ் கன்ஃபர்ம் பை டுமாரோ ஈவினிங்.’

இரண்டாவது நேவி லாட் ரப்பிங் டெஸ்டில் தோற்றது என்பது காரணம். நான்கு நாள், 2,000 பீஸ் என்பது அளவு. பிரித்து அனுப்புவது மாற்று வழி. 14, 18 மற்றும் நாளை மாலை என்பவை தேதிகள். ‘டிஃபிகல்ட்’ ஒரே ஒரு முறை, வர வேண்டிய இடத்தில் வந்திருக்கிறது. இந்த மெயிலைப் பார்த்ததும் பையர் முடிவெடுக்கலாம்.

ஊரையே பாதிக்கும் காரணமாக இருந்தாலும் இதே முறைதான். 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையை எட்டாத சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டபோது எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. துணி சாயத்துக்காக வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போனது. 2022-இல் நூல் விலை ஏறிக்கொண்டே போனபோது மே 16, 17 தேதிகளில் திருப்பூரில் வேலைநிறுத்தம் நடந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானது. இப்படிப்பட்ட நேரத்தில் ‘சிச்சுவேஷன் இஸ் வெரி டிஃபிகல்ட்’ என்று ஊர் முழுக்க ஒரே வரி போகும். அதற்குப் பதிலாக உத்தரவின் தேதி, உங்கள் ஆர்டரில் பாதிக்கப்படும் ஸ்டைல் எண், கூடுதலாகும் நாள் அல்லது டாலர், நீங்கள் ஏற்பது எவ்வளவு, பையர் ஏற்க வேண்டியது எவ்வளவு என்று எழுதுங்கள். செய்தியை அவர் பத்திரிகையிலேயே படித்துவிடுவார். தன்னுடைய ஆர்டருக்கு என்ன ஆகும் என்பதை உங்களிடமிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

7. பையர் ‘டிஃபிகல்ட்’ என்று எழுதினால்

‘யுவர் பிரைஸ் இஸ் சேலஞ்சிங்’ என்றால் விலை அதிகம், குறைத்துக் கேட்கிறார் என்று பொருள். ‘தட் மைட் பி எ பிட் டிஃபிகல்ட்’ என்று ஆங்கிலேயர் எழுதினால் அநேகமாக மறுப்பு. மென்மையாக இருக்கிறதே என்று சம்மதமாக எடுத்துக்கொண்டு துணியை வெட்டிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ‘ஷல் வி டேக் திஸ் ஆஸ் எ நோ?’ என்று ஒரே வரியில் கேட்டுவிடுங்கள். ‘இட் இஸ் டிஃபிகல்ட் டு எக்ஸ்டெண்ட் த டேட்’ என்று வந்தால் எத்தனை நாள் தர முடியும் என்று எண்ணைக் கேளுங்கள். அவர் நமக்கு எண் சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது போலவே அவரும் நம்மிடம் எதிர்பார்க்கிறார்.

8. என்றைக்குச் சொல்ல வேண்டும்?

சொல்லும் முறை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் சொல்லும் நாள். உங்கள் டிஎன்ஏ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) காலண்டரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி இருக்கிறது: லேப் டிப் ஒப்புதல், நூல் வருகை, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிபி (ப்ரீ-ப்ரொடக்‌ஷன்) சாம்பிள், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். எந்தக் கட்டத்தில் தேதி தவறுகிறதோ அன்றே எழுதுங்கள். நிட்டிங்கில் போன மூன்று நாளை முதலிலேயே சொன்னால் பையர் கப்பலை மாற்றிக்கொள்வார். பேக்கிங்கில் வந்து சொன்னால் மிஞ்சுவது ஏர் ஷிப்மென்ட் ஒன்றுதான். எஃப்ஓபி ஆர்டரில் கப்பல் வாடகை பையருடையது என்றாலும், தாமதம் நம்மால் என்றால் விமானச் செலவைப் பெரும்பாலும் நம் தலையில்தான் கட்டுவார்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதிலிருந்து பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய் ஐரோப்பா சேரப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டதை நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட காலத்தில் நம் பக்கம் தவறும் ஒவ்வொரு நாளும் இன்னும் கனமாகிறது.

தாமதமாகச் சொன்னால் பணத்தோடு போகாது. ஒளித்துவைத்த நான்கு நாளை ஈடுகட்ட ஓவர்லாக்கிலும் ஃபிளாட்லாக்கிலும் விடிய விடிய உட்காருகிறவர்கள் நம் ஊர்ப் பெண்களும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகளும்தான். மெயிலில் சொல்லாமல் விட்ட ஒரு வரிக்கு அவர்கள் தூக்கத்தை இழக்கிறார்கள்.

9. பயிற்சி

கீழே உள்ளவற்றைத் திருத்தி எழுதிப் பாருங்கள்.

அ) ‘வி ஆர் வெரி டிஃபிகல்ட் டு கெட் த யார்ன்.’
ஆ) ‘திஸ் பிரின்ட் இஸ் டிஃபிகல்ட் டு டூயிங் இட்.’
இ) ‘வி ஆர் ஹார்ட்லி ட்ரையிங் ஃபார் யுவர் ஆர்டர்.’
ஈ) ‘பட்டன் கலர் இஸ் கிரிட்டிகல் ப்ராப்ளம்.’

விடைகள்:

அ) ‘இட் இஸ் வெரி டிஃபிகல்ட் ஃபார் அஸ் டு கெட் த யார்ன்.’ இதோடு எந்த நூல், எத்தனை கிலோ, என்றைக்கு வரும் என்பதைச் சேருங்கள்.
ஆ) ‘திஸ் பிரின்ட் இஸ் டிஃபிகல்ட் டு டூ.’
இ) ‘வி ஆர் ட்ரையிங் ஹார்டு.’ இதைவிட, என்ன முயற்சி செய்தீர்கள் என்று எழுதுவது நல்லது.
ஈ) ‘த பட்டன் கலர் டஸ் நாட் மேட்ச் த ஸ்வாட்ச்.’ இங்கே ‘கிரிட்டிகல்’ வேண்டாம்.

அடுத்ததாக, நீங்கள் அனுப்பிய பழைய மெயில்களில் ‘டிஃபிகல்ட்’ என்று தேடி, கிடைக்கும் ஒவ்வொன்றிலும் காரணம், அளவு, மாற்று வழி, தேதி நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எது இல்லையோ அதைச் சேர்த்துத் திரும்ப எழுதிப் பழகுங்கள்.

சிரமம் இல்லாத ஆர்டர் திருப்பூரில் கிடையாது. பையருக்கும் அது தெரியும். சிரமத்தைச் சொன்னதற்காகக் கோபப்படுகிறவர்களைவிடச் சொல்லாமல் விட்டதற்காக ஆர்டரை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் அதிகம். ஆகவே இன்றைக்கே சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். எண்ணையும் தேதியையும் போட்ட பிறகே ‘செண்ட்’ பட்டனை அழுத்துங்கள்.